சௌந்தரம் மாமி ஊரில் இல்லை

கல்கத்தாத் தமிழர்களாகிய நாங்கள் ஒருவரை வழியனுப்பினால் முழுசாக அனுப்பிவிடுவோம். ரிட்டயராகிச் சென்னைக்கோ கோவைக்கோ திரும்புகிறவர்களுக்கு, ரயிலேறுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தில் ஒரு விழா நடக்கும். பொன்னாடை, சுட்ட மண்ணில் செய்த பாங்குரா குதிரை ஒன்று, நாலு பேர் பேச்சு, அப்புறம் புளியோதரையும் தயிர்சாதமும். குதிரையை வாங்கிக்கொண்டவர் அதற்கப்புறம் இந்த ஊர்க்காரர் இல்லை. பிற்பாடு எப்போதாவது வந்தாலும் விருந்தாளியாகத்தான் வருவார். முப்பது வருஷமாக இந்த வழக்கத்துக்கு விலக்கு கிடையாது. சங்கத்தின் செயலாளன் என்கிற முறையில் நாற்பது குதிரைகளையாவது என் கையால் கொடுத்திருப்பேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது என்று இப்போது சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

போன ஆகஸ்டில் சௌந்தரம் மாமிக்குக் கொடுத்தேன்.

மாமி யார் என்று லேக் மார்க்கெட் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குறைந்தபட்சம், பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த வைத்தீஸ்வரனைக் கல்யாணம் செய்துகொண்டு, இருபத்திரண்டு வயதில் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள சந்துக்கு வந்தவர். வங்காளி பாஷையை அவருக்குக் கற்றுக்கொடுத்தது ரேஷன் கடை வரிசை. அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் படிவத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்பதைக் கவனித்து, ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். ஆரம்பம் அவ்வளவுதான். பிறகு யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும், யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றாலும், மாமி வீட்டு மாடிக்கு ஆள் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது ஒரு கட்சியிலிருந்து வந்து மாமியை நிற்கச் சொன்னார்கள். மதராஸிப் பெண்பிள்ளைக்கு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று மாமா சிரித்தாராம். போட்டார்கள். ஐந்து வருஷம் மாமி மாநகராட்சி கவுன்சிலர். வங்காளிகள் எல்லாருக்கும் கவுன்சிலர் மாஷிமா, அதாவது கவுன்சிலர் சித்தி.

இன்னார் இந்த விலாசத்தில் வசிக்கிறார் என்று கவுன்சிலர் எழுதிக் கொடுக்கும் சான்றிதழ் இந்த ஊரில் பெரிய சமாசாரம். கேஸ் இணைப்பா, பள்ளிக்கூட அட்மிஷனா, அது வேண்டும். மாமி வீட்டைப் பார்க்காமல் ஒரு சான்றிதழில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. மூன்றாம் மாடியானாலும் ஏறுவார். கூடத்தில் உட்காரமாட்டார், நேரே சமையலறைக்குப் போய் அடுப்பின்மேல் கையை வைத்துப் பார்ப்பார். "அடுப்பு சுட்டா கையெழுத்து, இல்லேன்னா இல்லை" என்பார். என் மைத்துனனுக்காக ஒருமுறை நான் போய் நின்றேன். அவன் ஹவுராவில் இருந்தான், சான்றிதழ் எங்கள் வீட்டு விலாசத்துக்கு வேண்டியிருந்தது. மாமி படியேறி வந்து, என் மனைவி கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆறு மாசம் நான் அவரோடு பேசவில்லை.

அடுத்த தேர்தலில் ஒதுக்கீடு போயிற்று, மாமியின் டிக்கெட்டும் போயிற்று. ஆனாலும் தெருமுனை கிளப்பில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்துவிடுவார். வாக்காளர் பட்டியல்தான் அவருக்கு உயிர். பெயர் விட்டுப்போனவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பார். இறந்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் ஈவிரக்கம் இல்லாமல் அடிக்கச் சொல்வார். பதினைந்து வருஷம் இப்படி. பிறகு எல்லாப் படிவமும் போனுக்குள் போய்விட்டது. மேஜைக்கு ஆள் வருவது குறைந்தது. ஆறு வருஷத்துக்கு முன் மாமா காலமானார். சந்தில் பதினோரு தமிழ்க் குடும்பங்கள் இருந்த காலம் உண்டு. ஒவ்வொன்றாகக் குதிரையை வாங்கிக்கொண்டு போய், கடைசியில் மாமி ஒருவர்தான் மிச்சம். பழகிய வங்காளிக் கிழவிகளும் பிள்ளைகளோடு பெங்களூருக்கும் புனேக்கும் போய்விட்டார்கள். சென்னையில் இருக்கும் ஒரே மகன் குருமூர்த்தி இரண்டு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மாமி ஒருவழியாகச் சரி என்றார்.

விழாவில் நான் இருபது நிமிஷம் பேசினேன். சௌந்தரம் மாமி இல்லாத லேக் மார்க்கெட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்று சொன்னபோது என் குரல்கூடக் கொஞ்சம் கம்மியது. வியாழக்கிழமை ரயில். ஹவுரா ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். புதன்கிழமை மாமி போன் செய்தார்.

"வேண்டாம் ரஞ்சன். டாக்ஸி சொல்லியாச்சு. மழை வேற, உனக்கு முழங்கால் வலி."

எனக்கும் நல்லதாகப் போயிற்று. அதோடு சரி. விஜயதசமிக்கு எல்லாருக்கும் அனுப்பும் வாழ்த்துப் படத்தை மாமிக்கும் அனுப்பினேன். கை கூப்பிய பொம்மை ஒன்று பதிலுக்கு வந்தது. அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

டிசம்பரில் திருத்திய வாக்காளர் பட்டியலைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். என் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். நீக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பட்டியல், அதில் சௌந்தரம் வைத்தீஸ்வரன், காரணம்: நிரந்தரமாக இடம் பெயர்ந்தவர். சரிதானே என்று நினைத்துக்கொண்டேன். மாமி இருந்திருந்தால் அவரே அடிக்கச் சொல்லியிருப்பார் என்றுகூடத் தோன்றியது.

அதற்கு நாலு நாள் கழித்து, ஊருக்குப் போகும் சித்தப்பா மகனைக் காலை ரயிலில் ஏற்றிவிட்டு ஹவுரா படித்துறைக்கு வந்தேன். கங்கையைத் தாண்டப் படகுக்கு நிற்கும் கூட்டத்தில் மாமி நின்றுகொண்டிருந்தார்.

"மாமி!" என்று கத்திவிட்டேன்.

ஒரு பார்வை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு யாரோ என்று நினைத்துவிட்டீர்கள் என்று சுத்தமான வங்காளியில் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன மாமி விளையாட்டு இது? எப்ப வந்தேள்? சங்கத்துலே ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நேத்திக்குத்தான். ஒரு வேலையா வந்தேன்" என்றார், இப்போது தமிழில். சொன்னவரின் பையில் இரண்டு வாழைத்தண்டும், அரைக்கிலோ சேப்பங்கிழங்கும், ஒரு புது விளக்குமாறும் இருந்தன. நேற்று வந்த விருந்தாளி எதற்காக விளக்குமாறு வாங்குகிறாள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை. நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனேன்.

"வந்ததும் நல்லதாப் போச்சு. ஓட்டர் லிஸ்ட்லேர்ந்து உங்க பேரை எடுத்துட்டா. இனிமே உங்களுக்கு மெட்ராஸ்லேதானே?"

மாமி பையைக் கீழே வைத்தார்.

"எடுத்துட்டாளா? நீ பாத்தியா?"

"சுவத்துலே ஒட்டியிருக்கா மாமி. என் கண்ணாலே பாத்தேன்."

படகு வந்தது. மாமி ஏறவில்லை. அடுத்ததும் வந்து போயிற்று. படித்துறை ஓரத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்துகொண்டு மாமி நடந்ததைச் சொன்னார்.

விழா நடந்த மறுநாள், திங்கட்கிழமை சாயங்காலம், குருமூர்த்தியிடமிருந்து போன். அவன் மாமனாருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மாவுக்கென்று வைத்திருந்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். இரண்டு மாசம் பொறுத்துக்கோம்மா என்றான். அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாமியும் சொல்லவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தார். இரண்டு மாசம் மூன்றாயிற்று. அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டான், மாமியும் எடுக்கவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே மாமி!"

"பண்ணி? பொன்னாடையைப் போத்திண்டு, உன்னோட பேச்சையும் கேட்டுண்டு, குதிரையையும் வாங்கிண்டாச்சு. மறுநாள் மார்க்கெட்லே போய் கத்திரிக்கா வாங்கினா என்ன பேசுவா? பிள்ளை வேண்டாம்னுட்டான்னுதானே பேசுவா? அவன் அப்படிச் சொல்லலை ரஞ்சன். அவன் நல்லவன்."

எனவே மாமி இல்லாமல் போனார். சந்துப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்திவிட்டார். முன்பக்கத்து விளக்கைப் போடுவதில்லை. பழைய கல்கத்தா வீடுகளில் துப்புரவுக்காரர்கள் ஏறிவருவதற்கென்று பின்பக்கம் ஒரு இரும்புச் சுருள் படி இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் அதன் வழியாக இறங்கி, முதல் பஸ்ஸைப் பிடித்து, படகேறி, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஹவுராவில் காய்கறி வாங்கி வந்தார். எழுபத்தோரு வயசு. அந்தச் சுருள் படியில் நானே கைப்பிடி இல்லாமல் இறங்கமாட்டேன்.

துர்கா பூஜையைப் பற்றித்தான் அவரால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. கிளப்பின் பந்தல் மாமி வீட்டு வாசலிலேயே போடுவார்கள். இருபது வருஷமாகப் பூஜைக் கமிட்டியில் அவர் பெயர் உண்டு. இந்த வருஷம் நாலு நாளும் பின்பக்கத்துச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அஷ்டமியன்று ஒலிபெருக்கியில் புரோகிதர் புஷ்பாஞ்சலி மந்திரம் சொல்லச் சொல்ல, வெளியே முந்நூறு பேர் திருப்பிச் சொன்னார்கள். மாமி சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நின்று, சத்தம் கேட்டுவிடுமோ என்று வாய்க்குள்ளேயே சொன்னாராம். கையில் பூ இல்லை. பூ வாங்க எதிர்க்கடைக்குத்தான் போகவேண்டும்.

"பேரை எடுத்தது யாரு தெரியுமோ?" என்றார் மாமி. "நான்தான்."

நவம்பரில் பட்டியல் சரிபார்க்கிற பையன் வந்து கதவைத் தட்டினான். புதுசு, மாமியைத் தெரியாது. சங்கிலியைப் போட்டபடி கதவை ஒரு சாண் திறந்தார். சௌந்தரம் வைத்தீஸ்வரன் இருக்கிறாரா என்று கேட்டான். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, நான் வேலைக்காரி, மாஷிமா மதராஸுக்கு மகனிடம் போய்விட்டார் என்று வங்காளியில் சொன்னார். ஒரேயடியாகவா என்று கேட்டான். ஒரேயடியாக என்றார். அவன் எழுதிக்கொண்டான்.

"வாயிலே வந்துடுத்து. அடுத்த தடவை வரச்சே நிஜத்தைச் சொல்லிடலாம்னு இருந்தேன். வரலை. பதில்தான் கிடைச்சாச்சே, அவன் எதுக்கு வரான்?" கீழே வைத்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அங்கே எனக்கு இடமில்லை. இங்கே பேரும் இல்லைன்னா, நான் எங்கேதான்டா இருக்கேன்?"

ஆட்சேபணை மனு கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், நேரில் போகவேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னேன். அதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று பழைய கவுன்சிலர் குரலில் ஒரு அதட்டு போட்டார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஜனவரியில் அதே பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பறையில் விசாரணை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, சந்து முழுக்க நடந்து மாமி வந்தார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் காகிதப் பை. பெஞ்சுகளில் நாற்பது ஐம்பது பேர். ஐந்தாறு பேருக்கு அடையாளம் தெரிந்து எழுந்தே நின்றுவிட்டார்கள்.

"அட, கவுன்சிலர் மாஷிமா! எப்போது வந்தீர்கள்? எத்தனை நாள் இருப்பீர்கள்?"

மீன்கார அம்மாள் கேட்டாள், மருந்துக்கடைக்காரர் கேட்டார், கிளப்பின் காரியதரிசி கேட்டார். எல்லாருக்கும் அதே கேள்விதான். மாமி சிரித்துவைத்தார். திரும்பிப் போகும் தேதியைக் கேட்டுக் கேட்டு அவர்கள் காட்டிய அன்பைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதிகாரி நாற்பது வயதுக்காரர், மரியாதையான மனிதர். மாமியின் அடையாள அட்டை, வரி ரசீது எல்லாவற்றையும் பார்த்தார். பேச்சு வங்காளியில் நடந்தது.

"மாஷிமா, உங்கள் விலாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் இப்போது அங்கே வசிக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. நிரந்தரமாகப் போய்விட்டார் என்று வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது?"

"நான்தான் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாமி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது.

"சரி. ஆகஸ்டிலிருந்து நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள் என்று இந்த வட்டாரத்தில் பார்த்தவர்கள் இரண்டு பேர் சொல்லட்டும். எழுதிக்கொண்டு முடித்துவிடுகிறேன்."

அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லாருக்கும் மாமியைத் தெரியும். ஐந்து மாசத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நான் எழுந்தேன்.

"நான் பார்த்தேன் சார். தினமும் பார்ப்பேன். பக்கத்துத் தெருதான்."

"ரஞ்சன், உக்காரு" என்றார் மாமி தமிழில்.

"மாமி, ஒரு கையெழுத்துத்தானே..."

"நீ என்னை ஹவுராலே ஒரு தடவை பாத்தே. அடுப்பைத் தொட்டுப் பாத்தியா? பொய்க் கையெழுத்து வாங்கித்தான் இந்த வார்டுலே என் பேர் நிக்கணுமா?"

உட்கார்ந்துவிட்டேன். மாமியின் பிடிவாதம் எனக்குப் புதிதல்ல. ஆனால் அன்றைக்கு அவரைப் போட்டு உலுக்கலாம் போல இருந்தது. காகிதத்தில் ஒரு வரி, அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

அதிகாரிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்சம் யோசித்தார்.

"மகனிடம் போனதாகத்தானே எழுதியிருக்கிறது? அவர் நம்பரைக் கொடுங்கள். உங்கள் அம்மா உங்களோடு இல்லையா என்று கேட்கிறேன். இல்லை என்றால் போதும், அதையே ஆதாரமாக எழுதிக்கொள்கிறேன்."

மாமி நம்பரைச் சொன்னார். அதிகாரி தன் போனில் அடித்து, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். கல்கத்தாவிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்து, உங்கள் அம்மா இப்போது எங்கே வசிக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

குருமூர்த்தியின் குரல், அதுவும் ஆங்கிலத்தில், தெளிவாக வந்தது.

"எங்களோடுதான் சார். ஆகஸ்டிலிருந்து இங்கேதான் இருக்கிறார். சௌக்கியமாக இருக்கிறார். இப்போதுதான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுப்பட்டுமா?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். அதிகாரி போனைப் பார்த்தார், எதிரே நிற்கிற மாமியைப் பார்த்தார். அவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. மாமி முகத்தில் கோபம் இல்லை. "அவன்மேலே தப்பில்லை. கல்கத்தாலேர்ந்து யார் கேட்டாலும் அப்படிச் சொல்லுன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மேஜைப் பக்கம் குனிந்தார்.

"குருமூர்த்தி, அம்மாடா."

"அம்மா? நீ எங்கே..."

"இவர் எலெக்‌ஷன் ஆபீசர். சங்கத்து மனுஷா இல்லை. நிஜத்தைச் சொல்லு."

"ஸ்பீக்கர்லேயா இருக்கு? எல்லாரும் கேட்டுண்டிருக்காளா அம்மா?"

"கேக்கட்டும். சொல்லு."

அவன் அதிகாரியிடம் மறுபடி ஆங்கிலத்தில் பேசினான். முன்னால் இருந்த தெளிவு போய்விட்டிருந்தது.

"அம்மா எங்களோடு இல்லை சார். அவர் வரவே இல்லை. அந்த வீட்டில்தான் இருக்கிறார். ஐந்து மாசமாகத் தனியாக இருக்கிறார். கூட யாரும் இல்லை. எனக்குத் தெரியும் சார்."

அதிகாரி நன்றி சொல்லிப் போனை அணைத்தார். அவர் தலை நிமிராமல் எழுதி முடித்து, படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் மாஷிமா, பெயர் இறுதிப் பட்டியலில் வந்துவிடும் என்று தாளைத் திருப்பி வைத்தார்.

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் எழுதிவரும் வாக்குமூலத்தில் பாதியை அடித்துவிட்டுத் தானே மாற்றி எழுதுவதுதான் எப்போதும் அவர் வழக்கம். மகன் வீட்டுக்குப் போகவில்லை, இதே விலாசத்தில் வசிக்கிறார், தனியாக வசிக்கிறார், உடன் யாரும் இல்லை என்று நாலே வரி. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக நிதானமாகப் படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார். திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டார்.